தோட்டத்து மரத்தைக் கண்மதிப்பில் கொடுக்காதீர்கள்

போன வாரம் மொரப்பூர் பக்கம் ஒரு தம்பியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். முக்கால் ஏக்கர் மலைவேம்பு, நன்றாகவே வந்திருக்கிறது. புரோக்கர் வரப்பில் நின்றபடியே நாலு மரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு மொத்த விலை சொல்லியிருக்கிறார். தம்பி முன்பணமும் வாங்கிவிட்டார். நான் வரப்புத் தேக்கைக் கொடுத்ததும் இப்படித்தான். இன்னும் ஆறவில்லை. அதையும், மரம் வளர்ப்பதில் நாம் செய்யும் மற்ற தவறுகளையும் கீழே சொல்கிறேன்.

கண்மதிப்பில் விற்பது

அன்று 40 மரத்துக்கும் சேர்த்து ஒரே விலை பேசினேன். வெட்டி முடித்து லாரி ஏற்றும்போதுதான் ஒரு தடியை அளந்து பார்க்கத் தோன்றியது. நடுவில் சுற்றளவு 36 அங்குலம், நீளம் 12 அடி. சுற்றளவை நாலால் வகுத்தால் 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 6.75 கன அடி. லாரியில் இருந்ததை அப்படியே கணக்குப் போட்டேன். அதே மாதம் பக்கத்து ஊரில் அளந்து விற்றவருக்குக் கிடைத்ததில் பாதிதான் என் கைக்கு வந்திருந்தது. இருபது வருடம் தண்ணீர் விட்ட மரம்!

விலை பேசும் முன்பே ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தையல் டேப்பால் சுற்றி அளந்துவிடுங்கள். சுண்ணாம்பால் எண் போட்டு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் கன அடிக்கோ டன்னுக்கோ விலை கேளுங்கள். கிளை விறகு யாருக்கு, அடிமரத்தைத் தரையொட்டி அறுப்பார்களா என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். தேக்கில் பருமனான பகுதியே அடியில்தான் இருக்கிறது. ஒரு அடி கட்டை விட்டு அறுத்தால் நட்டம் நமக்கு.

நெருக்கி நடுவது

ஆறடிக்கு ஆறடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. வளரும்போது நடுநடுவே சில மரங்களை வெட்டிக் கலைக்க மனசு வராதவர்கள் இப்படி நடவே கூடாது.

பாறை மேல் தேக்கு

நம் செம்மண்ணில் பல இடங்களில் மூன்றடிக்குள் பாறை தட்டும். முதலில் குழி எடுத்துப் பாருங்கள். பாறை தட்டினால் தேக்கு வேண்டாம், வேம்பு வையுங்கள்.

கிளை கழிக்காமல் விடுவது

மலைவேம்பில் முதல் இரண்டு வருடம் பக்கக் கிளையை இளசாக இருக்கும்போதே கழித்துவிட வேண்டும். முடிச்சு விழுந்த தடிக்குப் பிளைவுட்காரர்கள் விலையைக் குறைப்பார்கள்.

அடங்கலில் பதியாதது

நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, மரங்களை அடங்கலில், அதாவது கிராமத்துப் பயிர்க் கணக்கில், பதியுங்கள்.

சந்தனம்

பட்டா நிலத்தில் தானாக முளைத்ததானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கோடரி வைக்காதீர்கள்.