முன்வழியாகக் காற்றுப் பிரிந்தால்: குடல் ஆபரேஷனுக்குப் பின் வரும் ஃபிஸ்டுலா

மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம். குனிந்து துணி எடுத்தபோது முன்வழியாகக் காற்றுப் பிரிந்தது. மறுநாள் மஞ்சளாகக் கசிவு, மல நாற்றத்தோடு. கூச்சப்பட்டுப் பன்னிரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகும் ‘வெள்ளைப்படுகிறது’ என்றுதான் சொன்னேன். மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். உண்மையில் அது ஃபிஸ்டுலா: குடலுக்கும் யோனிக்கும் நடுவே விழுந்த ஓட்டை.

நீங்கள் இப்படிச் சொல்லுங்கள்: “யோனி வழியாகக் காற்றும் மலமும் வருகிறது.” ஆபரேஷன் செய்தவரிடமே சொல்லுங்கள். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ அடிவயிற்று வலியோ இருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம்.

நம் சுத்தக்குறைவால் இது வருவதில்லை. குடலை வெட்டிச் சேர்த்த இடம் யோனியின் பின்சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இணைப்பு கசிந்து, சீழ் கோத்து, யோனிப் பக்கம் உடைந்துகொள்ளும். சில சமயம் குடலை இணைக்க ஸ்டேப்லர் போடும்போதே யோனிச் சுவரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ரேடியேஷன் எடுத்த உடம்பில் புண் ஆறுவதும் தாமதம்.

எனக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். யோனிக்குள் பஞ்சு வைத்து, ஆசனவாய் வழியாக நீல மருந்து செலுத்தி, பஞ்சில் நீலம் ஏறுகிறதா என்றும் பார்த்தார்கள். புற்றுநோய்க்காரர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: நோய் திரும்பி வந்து இந்த ஓட்டை விழவில்லையே? அதற்கு மயக்கம் கொடுத்துப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

அடுத்து, சிறுகுடலை வயிற்றில் திறந்து, மலம் சேர வெளியே பை வைத்தார்கள். அழுதேன். ஆனால் மலம் ஓட்டைப் பக்கம் போவது குறைந்தால்தான் புண் ஆறும். சிலருக்கு இதிலேயே ஓட்டை மூடிவிடுகிறது. மூடாவிட்டாலும் வீக்கமும் சீழும் அடங்க 3 முதல் 6 மாதம் பொறுப்பது வழக்கம். புண்பட்ட சதையில் அவசரமாகத் தைத்தால் தையல் பிரிந்துபோகும். ‘எப்போது தைப்பீர்கள்?’ என்று நானும் நச்சரித்தேன். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான் என்று பிறகே புரிந்தது.

அந்த மாதங்களில் வீட்டில் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு கசிவுக்கும் வெதுவெதுப்பான நீரால் வெளிப்புறம் மட்டும் கழுவுங்கள். டெட்டால் வேண்டாம், சோப்பு வேண்டாம், உள்ளே தண்ணீர் பீய்ச்சவே வேண்டாம். பழைய பருத்திப் புடவைத் துண்டால் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லத் தடவுங்கள். நாப்கின் வைக்கலாம், ஈரமானதும் மாற்றிவிடுங்கள். உள்ளே எதுவும் செருகாதீர்கள். பையில் தண்ணீராகப் போகும்போது வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் போதாது. ஓஆர்எஸ், உப்புப் போட்ட கஞ்சி, மோர் எடுத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றினாலோ சிறுநீர் குறைந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஓட்டை சின்னதாக, கீழே இருந்தால் குடலின் உள்சுவரை இழுத்து மூடுவார்கள். ரேடியேஷன் பட்டிருந்தால், முன்பு தைத்துத் தோற்றிருந்தால், நல்ல ரத்த ஓட்டமுள்ள சதையை நடுவில் வைப்பது உண்டு. எனக்கு உள்தொடைச் சதையைத் திருப்பி வைத்தார்கள். மேலே இருக்கும் ஓட்டைக்குச் சிலருக்கு வயிற்றைத் திறந்து குடலை மறுபடி இணைக்க வேண்டிவரும். இந்த வேலையை அடிக்கடி செய்யும் பெருங்குடல் அறுவை நிபுணரைத் தேடிப் போங்கள். ‘இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தைத்த பிறகும் பை உடனே போகாது. சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கசிவில்லை என்று தெரிந்த பிறகே எனக்குப் பையை எடுத்து வயிற்றுத் திறப்பை மூடினார்கள். அதுவரை குடம் தூக்கவில்லை. தாம்பத்தியம் எப்போது என்பதை டாக்டரிடம் வாய்விட்டே கேட்டேன்.