பழைய இதழ்களில் ‘திரு’வைத் தேடும் முறை

பெயருக்கு முன் ‘திரு’ என்று எழுதுவது இன்று நமக்குப் பழகிப்போன மரியாதை. ஆனால் 1882இல் தொடங்கி 1899இல் நாளிதழான ‘சுதேசமித்திர’னின் பழைய பக்கங்களைப் புரட்டுபவர் கண்ணில் ஸ்ரீமானும், ஸ்ரீயும், ‘ம-ள-ள-ஸ்ரீ’யும்தான் திரும்பத் திரும்பப் படும். கடைசியாகச் சொன்னது ‘மகாராஜராஜஸ்ரீ’ என்பதன் சுருக்கம். முதல்முறை பார்ப்பவர் அதை அச்சுப்பிழை என்று எண்ணித் தாண்டிவிடக்கூடும். ஆகவே ‘திரு’வின் வரலாற்றை அறிய விரும்புபவர் ‘திரு’வை மட்டும் தேடினால் போதாது. அந்த இடத்தில் முன்பு எந்தச் சொல் நின்றது என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும். இந்த வேலையின் உயிர்நாடி அதுவே.

முதலில் ‘ஸ்ரீமான்’, ‘ஸ்ரீமதி’, ‘ஸ்ரீ’, ‘மிஸ்டர்’, ‘தோழர்’, ‘திருவாளர்’, ‘திரு’ என ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே இதழை எடுத்து, ஐந்தாண்டு இடைவெளியில் ஒரே மாதத்து ஒரு வார இதழ்களைப் பாருங்கள். பல இதழ்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினால், தெரிவது காலத்தின் மாற்றமா, ஆசிரியரின் விருப்பமா என்று பிரித்தறிய முடியாது. செய்தி, விளம்பரம், வாசகர் கடிதம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுவது நல்லது. செய்தியின் நடை ஆசிரியர் குழுவுடையது. விளம்பரமும் கடிதமும் வெளியிலிருந்து வருபவை, ஆதலால் ஊர் வழக்கு அவற்றில் வேறாக இருக்கக்கூடும்.

கணினியில் தேடுபவர்களுக்குச் சில சிக்கல்கள் உண்டு. ‘திரு’ என்று இட்டால் திருநெல்வேலியும் திருச்சியும் திருமணமும் வந்து குவியும். ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஆகியவற்றின் ஆசிரியரான திரு.வி.க.வின் பெயரிலுள்ள ‘திரு’ மரியாதை அடைமொழியே அன்று, அது திருவாரூரின் சுருக்கம். அதை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டால் அந்த இதழ்களைப் பற்றிய கணக்கு முழுவதும் தவறாகிவிடும். ‘ஸ்ரீ’யைத் தேடினாலோ ஸ்ரீரங்கத்தோடு ஸ்ரீமுக என்னும் தமிழ் ஆண்டும் வந்து நிற்கும். எனவே சொல்லுக்குப் பின் ஆள் பெயர் வருகிறதா என்று ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தே தீர வேண்டும். இதற்குக் குறுக்குவழி இல்லை.

எழுத்து வடிவமும் கவனத்துக்குரியது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ‘லை’, ‘னை’ போன்றவை யானைத் துதிக்கைபோல் வளைந்த கொக்கியோடு இருக்கும். ‘னா’, ‘றா’ ஆகியவற்றில் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்திருக்கும். புதிய வடிவங்களை மட்டுமே அறிந்த எழுத்துணரி, அதாவது அச்சுப் படத்திலிருந்து எழுத்தைப் படித்தறியும் மென்பொருள் (OCR), இவற்றைத் தவறாகப் படிக்கும். தேடலில் ஒரு சொல் கிடைக்காததனாலேயே அது அன்று வழக்கில் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

தேதியைக் குறிக்கும்போது தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது என்பதை மறவாதீர்கள். பவ ஆண்டு 1934 ஏப்ரலில் தொடங்கியது. அவ்வாண்டின் தை மாதம் 1935 ஜனவரியில் வருகிறது. தை, மாசி, பங்குனி இதழ்களில்தான் ஓராண்டுப் பிழை நேர்கிறது.

மாற்றம் எங்கே தெரிகிறதோ அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள். 1925இல் பெரியார் தொடங்கிய ‘குடி அரசு’ இதழ் இதற்குச் சிறந்த களம். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. 1932இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், பெயருக்கு முன் ‘தோழர்’ என்று வழங்குமாறு கேட்டுக்கொண்டார். ஆகவே அடைமொழியை எண்ணும்போது பெயருக்குப் பின் ஐயர், முதலியார், பிள்ளை என்ற பட்டம் இருக்கிறதா என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் சேர்ந்து மாறினவா, ஒன்று மாறி மற்றொன்று நிலைத்ததா என்ற கேள்வியில்தான் சமூக வரலாறு புலப்படுகிறது. இந்த ஆய்வில் என்னை மிகவும் ஈர்ப்பது இப்பகுதியே. அடுத்து நின்று பார்க்க வேண்டிய ஆண்டு 1967. அண்ணா தலைமையிலான அரசு ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’ ஆகியவற்றுக்கு மாற்றாகத் ‘திரு’, ‘திருமதி’ என்பவற்றை அரசு வழக்காக்கியது. அதற்கு முன்னரே அவற்றை எழுதிவந்த இதழ்கள் எவை என்று காண்பது பயனுள்ள தேடல்.

பிற்காலத் தொகுப்பு நூல்களை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பதிப்பிப்பவர் நல்லெண்ணத்தோடே ‘ஸ்ரீமான்’ என்பதைத் ‘திரு’ என்று திருத்தியிருக்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் முதல் அச்சையோ அதன் படப்பிரதியையோ பார்த்து, இதழின் பெயர், நாள், பக்கம், பகுதி ஆகியவற்றோடு முழு வாக்கியத்தையும் அதில் உள்ளவாறே, புள்ளியும் எழுத்துப்பிழையும் மாறாமல், படியெடுத்து வையுங்கள்.