டிரைவர் தேர்வை ஷாஃப்டில் தொடங்காதீர்கள்

கோல்ஃபில் பந்தை அதிகத் தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரை வாங்கப் போகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எனக்கு ஆர் சரியா, எஸ் சரியா?" என்றுதான். ஷாஃப்டின், அதாவது கிளப்பின் தண்டின், விறைப்பைக் குறிக்கும் இந்த எழுத்துகளுக்குப் (ஆர் என்றால் ரெகுலர், எஸ் என்றால் அதைவிட விறைப்பான ஸ்டிஃப்) பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். கௌரவத்துக்காக எஸ் எடுப்பவர்களும் உண்டு. பந்துக்கு அந்தக் கௌரவம் தெரியாது.

பந்து எவ்வளவு உயரம் எழும்பும், எவ்வளவு சுழலும் என்பதில் பெரும்பங்கு பந்தை அடிக்கும் தலைப்பகுதியான ஹெட்டுடையது. அதை முதலில் முடிவு செய்யுங்கள். மெதுவான ஸ்விங் உள்ளவர் 9 டிகிரி லாஃப்ட் (ஹெட்டின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) வாங்கினால் பந்து தாழப் பறந்து சீக்கிரம் விழும். 10.5, 12 என்று மேலே போகத் தயங்க வேண்டாம். ஹெட்டில் அச்சிட்ட எண்ணும் உண்மையான லாஃப்டும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

'லோ ஸ்பின்' ஹெட் இன்னொரு கவர்ச்சி. பொதுவாக அதில் எடை ஃபேஸுக்கு, அதாவது பந்தில் படும் முகத்துக்கு, அருகே இருக்கும். ஸ்பின் குறையும், சரி; ஆனால் நடுவில் படாத அடிக்கு ஹெட் அதிகமாகத் திரும்பிக்கொள்ளும். எடை பின்னால் உள்ள ஹெட்தான் நம்மில் பலருக்கும் பொருந்தும்.

ஸ்லைஸ் அடிப்பவர், அதாவது (வலக்கை ஆட்டக்காரர் என்றால்) பந்து வலப்பக்கம் வளைந்து போகிறவர், தூரம் வேண்டுமென்று ஹெட்டும் ஷாஃப்டும் சேருமிடத்தில் திருகி லாஃப்டைக் குறைப்பதையும் பார்க்கலாம். பெரும்பாலான மாடல்களில் லாஃப்டைக் குறைத்தால், கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஃபேஸ் கொஞ்சம் வலப்பக்கம் பார்த்துத் திறந்துகொள்ளும். ஸ்லைஸ் இன்னும் மோசமாகலாம். அவருக்கு லாஃப்டைக் கூட்டுவதோ, ஹீல் (ஷாஃப்ட் சேரும் முனை) பக்கம் எடை உள்ள ஹெட்டோதான் உதவும்.

அப்புறம் நீளம். விதிப்படி 48 அங்குலம் வரை போகலாம். தொழில்முறைப் போட்டிகளில் 46 என்று கட்டுப்படுத்த 2022 முதல் வழி இருக்கிறது. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டியவை. பலருக்கு அதுவே அதிகம். அரை அங்குலம் குறைத்தால் பந்து நடுவில் படுவது எளிதாகும். ஆனால் வெட்டியதோடு விட்டுவிடக் கூடாது. அரை அங்குலத்துக்கு ஸ்விங் வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) சுமார் 3 புள்ளி இறங்கும், ஹெட் இருப்பதே கையில் தெரியாது. ஹெட்டில் 6 கிராம் அளவுக்குச் சேர்த்தால் பழைய உணர்வு திரும்பும். வெட்டுவது எந்த முனையில் என்பதும் முக்கியம்: நீளம் குறைக்க கிரிப் (கைப்பிடி) பக்கம். ஹெட் பக்கம் வெட்டினால் ஷாஃப்ட் கூடுதல் விறைப்பாகிவிடும்.

ஷாஃப்டில் எழுத்தைவிட எடையைப் பாருங்கள். 50 கிராமுக்கும் 70 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் ஸ்விங்கின் தாளத்தையே மாற்றும். ஃபேஸில் பவுடர் ஸ்ப்ரே அடித்து, ஒவ்வொரு ஷாஃப்டிலும் பத்துப் பதினைந்து பந்து அடியுங்கள். தடங்கள் எதில் நெருக்கமாக விழுகின்றனவோ அதுவே உங்கள் ஷாஃப்ட். பந்தின் வேகத்தையும் தூரத்தையும் காட்டும் லாஞ்ச் மானிட்டரில் வந்த ஒரே ஒரு நீளமான அடியை வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.