தங்கியிருந்த அக்கா ஊருக்குப் போன பிறகு

மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் போய்த் திரும்பினால் மாலையில் அடுப்படிப் பக்கமே போகத் தோன்றாது. எங்களோடு தங்கி வீட்டு வேலை பார்த்த அக்கா ஊருக்குப் போனதும் முதல் வாரம் அழுதுவிட்டேன்.

மாவுதான் காப்பாற்றியது. ஞாயிறன்று 4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து அரைப்பேன். மும்பை வெயிலில் சீக்கிரமே பொங்கிவிடும். உடனே ஃப்ரிட்ஜில் வைத்தால் வியாழன் வரை நான்கு இரவு டிபன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கும் சின்ன வெங்காயத்தை மாமியார் டிவி பார்த்தபடியே உரித்துவிடுவார்.

துணி என் கணவர் பொறுப்பு. மழைக்காலத்தில் ஃபேனுக்கடியில் காயவைப்பதும் அவரே. பாத்திரத்துக்கு மட்டும் ஒருவர் வருகிறார். அவருக்கு ஞாயிறு லீவு, சம்பளப் பிடித்தம் கிடையாது. அன்று மகன் தேய்க்கிறான், சரி, கொஞ்சம் பிசுக்கு இருக்கும்.