புது நெட் லைன் இழுத்துக்கொண்டே போகிறதா? எங்கே பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்

"அண்ணாச்சி, பொங்கலுக்குள்ள லைன் வந்துரும்" என்று முன்பணம் வாங்கிய புதுக் கம்பெனி சித்திரை பிறந்தும் அசையாவிட்டால் தெருவே சந்தேகப்படும். ஆனால் வேலை நடந்தும் தாமதமாவது வேறு, வேலையே தொடங்காதது வேறு. எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முதலில் உரிமம். இணையச் சேவை தர மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும். ஏ வகை நாடு முழுவதற்கும், பி வகை மாநில அளவில், சி வகை சிறு பகுதிக்கு. பட்டியல் துறையின் இணையதளத்தில் உண்டு. பெயர் அதில் இல்லையென்றால் உடனே மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம்; கேபிள்காரர்கள் பலர் வேறொரு கம்பெனியின் உரிமத்தின் கீழ் பார்ட்னராக நடத்துகிறார்கள். "யார் உரிமத்துல ஓட்டுறீங்க?" என்று கேளுங்கள். திணறினால் பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, "பெர்மிஷன் வரலை" என்ற பதில். எந்த அனுமதி? மின்கம்பத்தில் கட்ட மின்வாரியம், தெருவைத் தோண்ட மாநகராட்சியோ ஊராட்சியோ, ரயில் பாதையைக் கடக்க ரயில்வே. நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நாற்கரச் சாலையைக் கடக்க வேண்டுமானால் தேசிய நெடுஞ்சாலைக்காரர்களிடமும் போக வேண்டும். எந்த அலுவலகம், மனு கொடுத்த தேதி என்ன என்று கேளுங்கள். உண்மையில் அலைந்தவர் தேதியோடு சொல்வார்.

பிறகு கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். பைபர் கேபிள் வட்டமாகச் சுருட்டிக் கட்டி, நுனியில் டேப் சுற்றித் தொங்கினால் இன்னும் ஸ்ப்ளைசிங் (இரண்டு பைபர் நுனிகளை ஒட்டி இணைப்பது) ஆகவில்லை. மூடிய கறுப்பு ஜாயிண்ட் பாக்ஸுக்குள் கேபிள் நுழைந்திருந்தால் வேலை ஓரளவு முடிந்திருக்கிறது.

வீட்டில் பைபர் வயர் வந்து சேரும் பாக்ஸை மாட்டிவிட்டு "நாளைக்கு ஆன் ஆகும்" என்றால் அதன் விளக்குகளே உண்மையைச் சொல்லிவிடும். பைபரில் நெட் ஒளியாகத்தான் வரும். "லாஸ்" (LOS) என்ற விளக்கு சிவப்பில் மினுக்கினால் அந்த ஒளியே வரவில்லை: எங்கோ ஜாயிண்ட் விட்டிருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் ஓஎல்டி (OLT, எல்லா வீட்டுக்கும் ஒளியை அனுப்பும் கம்பெனியின் மெஷின்) இயங்கவில்லை. சிவப்பு இல்லாமல் "பான்" (PON) விளக்கு மட்டும் மினுக்கினால் ஒளி வருகிறது, உங்கள் பாக்ஸை அங்கே இன்னும் பதிவு செய்யவில்லை. ஆபீஸில் உட்கார்ந்தே முடிக்கிற வேலை அது. "பான்" நிலையாகப் பச்சையாய் எரிந்தும் நெட் இல்லையென்றால் யூசர் ஐடியிலோ, கம்பெனி மேலே வாங்கும் லைனிலோ கோளாறு. சில புதுக் கம்பெனிகள் பல மாதம் இந்தக் கடைசி இடத்தில்தான் நிற்கும். ஆள் வந்தால் ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை வைக்கச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி மைனஸ் 28, 29 என்று போனால் லைன் அடிக்கடி அறுபடும். அழுக்கான கனெக்டர், ஆணியில் இறுக்கி மடித்த வயர், கணக்கில்லாமல் போட்ட ஸ்ப்ளிட்டர் (ஒரு லைனைப் பல வீட்டுக்குப் பிரிப்பது)தான் பெரும்பாலும் காரணம்.

வேகத்தையும் கணக்குப் போடுங்கள். மேலிருந்து 1 ஜிபி லைன் வாங்கி 300 வீட்டுக்கு "100 எம்பி" என்று விற்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது வீட்டுக்கு 3 எம்பி சொச்சம்தான். எல்லோரும் ஒன்றாக இழுக்க மாட்டார்கள்தான். ஆனாலும் ராத்திரி 9 மணிக்குப் படம் ஓடாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். மாதாந்திர மின்தடை அன்று ஓஎல்டி எத்தனை மணி நேரம் பேட்டரியில் நிற்கும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பணத்தைத் தனி ஆளின் ஜிபேவுக்கு அனுப்பாமல் கம்பெனிக் கணக்குக்கே அனுப்புங்கள். ரசீதில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33-ல் தொடங்கும். "இந்தத் தேதிக்குள் லைன் வராவிட்டால் முழுப்பணமும் திரும்ப" என்று எழுதி வாங்குங்கள். புது லைன் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழைய இணைப்பை விடாதீர்கள்.

தேதி தாண்டினால் 15 நாள் கெடு வைத்து வாட்ஸப்பிலும் ஸ்பீட் போஸ்டிலும் பணத்தைக் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். மனுவோடு ரசீது, வாட்ஸப் உரையாடல், கம்பத்தில் சுருட்டிக் கிடக்கும் கேபிளின் தேதி விழுந்த போட்டோ மூன்றையும் இணையுங்கள்.