வங்கி ஏலத்தில் பழைய அடுக்குமாடி வீடு: விலையை மனைப் பங்கோடு ஒப்பிடுங்கள்

சென்னையில் வங்கி ஏலத்துக்கு வரும் பழைய அடுக்குமாடி வீட்டின் விலை குறைக்கப்பட்டிருந்தால், அதை முந்தைய ஏல விலையோடு ஒப்பிடாதீர்கள். பத்திரத்தில் உள்ள, ‘யுடிஎஸ்’ எனப்படும் பிரிக்கப்படாத மனைப் பங்கை (மொத்த மனையில் அந்த வீட்டுக்கு உரிய பங்கை) அந்தத் தெருவின் காலிமனை விலையால் பெருக்கி, வரும் தொகையோடு ஒப்பிடுங்கள். நாற்பது ஆண்டுக் கட்டடத்தின் மதிப்பு பெரும்பாலும் தேய்ந்திருக்கும். நிலைத்து நிற்பது மனைதான். 400 சதுர அடிப் பங்கு, சதுர அடி 10,000 ரூபாய் எனில் மனை மட்டுமே 40 லட்சம் பெறும். ஏல விலை, பத்திரச் செலவு, பராமரிப்புக் கட்டண பாக்கி, சீரமைப்புச் செலவு அனைத்தும் சேர்ந்து அதற்குள் அடங்கினால் விலை உண்மையிலேயே குறைவு.

சீரமைப்புச் செலவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். குளியலறைக் கூரையில் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது வெள்ளையடித்து மறைக்கும் வேலையன்று. கட்டடப் பொறியாளரை அழைத்துச் சென்று காட்டுவது அவசியம். ஏலம் எடுத்தவர் 25 சதவீதத்தை அன்றோ மறு வேலைநாளுக்குள்ளோ செலுத்தி, மீதியைப் பொதுவாக 15 நாட்களுக்குள் செலுத்த வேண்டியிருப்பதால், சீரமைப்புப் பணத்தைத் தனியே ஒதுக்கிவைத்திருக்க வேண்டும்.

மனைப் பங்கின் அளவு பத்திரத்தில் தெளிவாக இல்லாதபோதும், வீட்டில் ஆட்கள் குடியிருக்க வங்கியிடம் பெயரளவிலான சுவாதீனம் (காகிதத்தில் மட்டும் வீடு வங்கியின் வசம் இருப்பது) மட்டுமே இருக்கும்போதும் இந்தக் கணக்கு பொருந்தாது.