கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்: பழைய துணியில் கைவேலை செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அம்மாவின் அரக்கு நிறப் பட்டுப் புடவை ஒன்றை மகளுக்குப் பாவாடையாகத் தைத்தேன். தீபாவளிக் காலையில் அவள் அதை உடுத்திக்கொண்டு வாசல் கோலத்தின் அருகே குந்தி உட்கார்ந்தபோது, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு சாண் நீளத்துக்குத் துணி சத்தமில்லாமல் விட்டுப்போனது. தையல் பிரியவில்லை, துணியே இற்றுப்போயிருந்தது. கிழிசல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியிருந்ததைப் பார்த்த பிறகுதான், பீரோவில் பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த அந்தப் புடவையின் மடிப்புத் தடம் அது என்பது எனக்கு உறைத்தது.

வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு உடையும் பையும் அணிகலனும் செய்து பார்ப்பவர்கள் சந்திக்கும் சேதங்களில் பெரும்பாலானவை கைத்திறன் குறைவால் வருவதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையில் உள்ள பொருள் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று கேட்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால்தான் அவை வருகின்றன. செலவில்லாமல் கிடைத்தது என்பதாலேயே பழைய துணியை நாம் சோதிப்பதில்லை. ஆனால் கடையில் வாங்கிய துணி பாழானால் இன்னொரு மீட்டர் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் புடவையில் இன்னொரு மீட்டர் எங்கும் கிடைக்காது.

ஆகவே முதல் தவறு, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வெட்டுவது. புடவையை முழுவதுமாக விரித்து, பகல் வெளிச்சம் வரும் சன்னலுக்கு எதிரே பகுதி பகுதியாகப் பிடித்துப் பார்த்தால், இழை தேய்ந்த இடங்கள் வெளிறிய கோடுகளாகத் தெரியும். அந்தக் கோட்டின் இரு பக்கமும் கட்டைவிரல்களை வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நூல்கள் விலகினாலோ, நுண்ணிய வெடிப்பு தெரிந்தாலோ அந்தப் பகுதி உடுப்புக்கு ஆகாது. கட்டிப் பழகிய புடவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் தேய்வதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தோளில் ஊக்குக் குத்திய இடம், உட்கார்ந்து எழும் இடம், தரையில் உரசும் கொசுவத்தின் அடிக்கரை ஆகியவை முதலில் தளரும். இடுப்பைச் சுற்றி உள்ளே மறைந்துபோகும் முதல் சுற்று பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஆறு கஜப் புடவையின் நீளம் ஏறத்தாழ 216 அங்குலம். 22 அங்குல இடுப்புள்ள குழந்தைக்கு மூன்று மடங்கு சுருக்கம் வைத்துத் தைத்தாலும் 66 அங்குலமும் தையலுக்கான துணியுமே தேவை. மூன்றில் ஒரு பங்குத் துணிதான் வேண்டும் என்னும்போது, முந்தானையின் அழகில் மயங்கித் தேய்ந்த பக்கத்தை வெட்டியதற்கு என்னிடம் நியாயம் ஏதும் இல்லை.

அத்தனை இடமும் இற்றுப்போன புடவையாக இருந்தால் அதைப் பாவாடையாக்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. கரையையும் புட்டாக்களையும் மட்டும் தனியே எடுத்து, புதிய பருத்தித் துணியின் மேல் வைத்துத் தைத்தால் இழுவிசையை அடியில் உள்ள துணி ஏற்றுக்கொள்ளும். தலையணை உறை, சுவரில் மாட்டும் சட்டம், தாம்பூலப் பையின் முகப்பு என அதற்கு நிறைய இடம் உண்டு.

பட்டுப் புடவையில் இன்னொன்றையும் வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டும். அது சரிகை. அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் பூசியது. உள்ளே இருக்கும் பட்டு நூல் பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியதாக இருக்கும். ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். வெள்ளி இருப்பதால்தான் பழைய பட்டுப் புடவைகளை எடைபோட்டு வாங்குவதற்கு ஆள்கள் வருகிறார்கள். விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் தன் கையில் இருப்பது என்ன என்று தெரியாமலேயே அதைப் பொம்மைக்கு உடையாக வெட்டுவது வருந்தத்தக்கது. அசல் அல்லாத சரிகைகள் பலவற்றில் பளபளப்பைத் தருவது பிளாஸ்டிக் படலம்தான். சூடான இஸ்திரிப் பெட்டி அதன் மேல் நேராகப் பட்டால் அது சுருங்கி உருகும். எந்தச் சரிகையானாலும் துணியைப் புரட்டிப் போட்டு, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து, குறைந்த சூட்டில் தேய்ப்பதே பாதுகாப்பு. பட்டின் மேல் தண்ணீர் தெளித்துத் தேய்க்கும் வழக்கமும் கூடாது. திட்டுத் திட்டாகக் கறை நிற்கும்.

லைனிங் துணியை நனைக்காமல் தைப்பது, அனுபவம் உள்ளவர்களும் அவசரத்தில் செய்யும் தவறு. புதிய பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். ஏற்கெனவே பலமுறை துவைத்த பழைய புடவைத் துணி அதற்கு மேல் சுருங்காது. இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டுத் துவைத்தால், உள்ளே உள்ள லைனிங் சுருங்கி மேல் துணியைப் பிடித்து இழுக்க, பாவாடையின் அடி முழுவதும் அலை அலையாகக் கோணிக்கொள்ளும். லைனிங்கை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டு, அதன் பிறகே அளவெடுக்க வேண்டும். துணிக்கு வண்ணம் தீட்ட நினைப்பவர்களும் இதே வேலையைச் செய்தாக வேண்டும். புதுத் துணியில் இருக்கும் கஞ்சி போகாமல் தீட்டினால் வண்ணம் கஞ்சியின் மேல் உட்கார்ந்து, துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். தீட்டிய வண்ணம் ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பின்னர், துணியைப் புரட்டிப் போட்டு இஸ்திரி போட்டால்தான் அது நிலைக்கும்.

சாயத்தைப் பற்றி நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகாது என்பது அது. பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலுக்குள் செல்வதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் சாயமேற்றி முடித்து விற்பனைக்கு வந்துவிட்ட துணியில், பிடிக்காமல் நிற்கும் சாயத்தை உப்பு நிலையாகப் பிணைத்துவிடாது. உப்புத் தண்ணீரில் கசிவு குறைந்ததுபோலத் தெரியும். அடுத்து நல்ல தண்ணீரில் துவைக்கும்போது சாயம் மறுபடியும் இறங்கும். அந்த நம்பிக்கையில் சிவப்புத் துண்டையும் வெள்ளைத் துண்டையும் ஒரே பையில் ஒட்டுப்போட்டுத் தைத்துவிட்டு, பிறகு இளஞ்சிவப்பாகிப்போன வெள்ளையைப் பார்த்து வருந்துவதில் பயனில்லை. நனைத்த வெள்ளைத் துணியால் உள்பக்க மூலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால், அந்தத் துணியை அடர் நிறங்களோடு மட்டும் சேர்க்க வேண்டும், அல்லது துவைக்கத் தேவையில்லாத பொருளுக்கு ஒதுக்க வேண்டும். சாயம் போவதே சிறப்பாகக் கருதப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. 1960களில் அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ கட்டம் போட்ட சட்டைகளை, ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதிதாகத் தெரியும் என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். அங்கே ஒரு சட்டையின் நிறங்கள் தமக்குள் கலந்தன. நாம் செய்யும் பையிலோ ஒரு துணியின் சாயம் இன்னொரு துணியில் இறங்குகிறது.

துணியின் போக்கைக் கவனியாமல் வெட்டுவது அடுத்தது. நீளவாட்டு இழையான பாவு ஓடும் திசையில் துணி இழுபடுவது குறைவு, குறுக்கிழையான ஊடையின் திசையில் சற்றே அதிகம், மூலைவாட்டில் இழுத்தால் மிக அதிகம். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது இந்த மூலைவாட்டைத்தான். கழுத்து வளைவின் ஓரத்தை மூடும் மெல்லிய பட்டியான பைப்பிங் வைக்க கிராஸ் துண்டுதான் வளைந்து கொடுக்கும். அதே துண்டைப் பையின் கைப்பிடிக்கு வெட்டினால் ஒரே வாரத்தில் அது நீண்டு தொங்கும். துணியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கோணல்மாணலாக வடிவங்களை அடுக்கி வெட்டுபவர்களின் உறைகள் நான்கு மூலையும் சதுரமாக நில்லாமல் போவதற்கும் காரணம் இதுதான்.

பழைய டி-சட்டையின் அடியைக் கீற்றுகளாக வெட்டி, முடிச்சுப் போட்டு, தைக்காமலேயே பை செய்யும் முறை இப்போது மிகவும் பரவியிருக்கிறது. எளிய வேலைதான், குழந்தைகளும் செய்யலாம். ஆனால் அது நெய்த துணி அன்று, பின்னப்பட்ட துணி. மூன்று கிலோ வெங்காயத்தைப் போட்டுத் தூக்கியவுடன் கைப்பிடி இழுபட்டு, பை முழங்காலைத் தட்டும். கைப்பிடியைத் தேவையானதைவிடக் குட்டையாக வைத்து, காய்கறி சுமக்காமல் நூலகப் புத்தகம், துண்டு, நீச்சல் உடை போன்ற இலேசான பொருள்களுக்குப் பயன்படுத்தலாம். சந்தைக்குப் போக வேண்டிய பை என்றால் ஜீன்ஸோ, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்ற கெட்டி நெசவுப் பருத்திப் புடவையோதான் தாங்கும்.

ஜீன்ஸைத் தைக்க உட்காருபவர்கள் செய்யும் பிழை ஊசியில் இருக்கிறது. இரவிக்கை தைத்த அதே ஊசியை மாற்றாமல் ஜீன்ஸின் கெட்டித் தையல்மேல் ஓட்டினால் ஊசி வளையும், அல்லது ஒடிந்து தெறிக்கும். கண்ணருகே அது விளையாட்டான காரியம் இல்லை. மெல்லிய பட்டுக்கு 11ஆம் எண், சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்பது பொதுவாக ஒத்துவரும் கணக்கு. மாறாக 16ஆம் எண் ஊசியைப் பட்டில் இறக்கினால் ஒவ்வொரு குத்தும் துளையாக நின்றுவிடும். தையலைப் பிரித்தாலும் அது மறையாது. நான்கைந்து மடிப்புகள் சேரும் இடத்தில் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக் கடக்க வேண்டும்.

இனி, பசை. கைவேலையில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். நொடியில் ஒட்டும் சூப்பர் பசை பருத்தியின் மேல் கொட்டினால் மிக வேகமாக இறுகி, அந்த வேகத்தில் கடும் சூட்டை உண்டாக்கும், புகைகூட எழும். மடியில் வைத்து வேலை செய்யும்போது பாவாடையிலோ சுடிதாரிலோ சிந்தினால் அடியில் உள்ள தோல் வெந்துவிடும். சிந்தியதைப் பஞ்சால் துடைப்பதும் அதே ஆபத்துதான். குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அந்தப் பசை வரவே கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். தவிரவும், கல் பதித்த தோடுகளில் அதைப் பயன்படுத்தினால், அதிலிருந்து எழும் ஆவி கல்லைச் சுற்றி வெண்படலமாகப் படிந்து பளபளப்பைக் கெடுக்கும். வெள்ளைப் பசை ஆபத்தில்லாதது, ஆனால் தண்ணீர் பட்டால் இளகும். ஆகவே துவைக்க வேண்டிய எதற்கும் அது உதவாது. சூட்டுப் பசைத் துப்பாக்கியால் ஒட்டியவை வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தால் நெகிழ்ந்து கழன்றுவிடும்.

பட்டு நூல் வளையல் செய்பவர்கள் பசையை வளையல் முழுவதும் பூசிவிடுவதால் நூலின் பளபளப்பு மங்கி, ஈரம் ஊறிய திட்டுகள் தெரிகின்றன. இருபது, இருபத்தைந்து இழைகளைச் சேர்த்துப் பிடித்து, உள்பக்கத்தில் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மட்டும் ஒரு பொட்டுப் பசை வைத்தால் போதும். மற்ற இடங்களில் நூலை நிறுத்துவது இழுத்துச் சுற்றும் இறுக்கம்தான். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ளாமல், பாய்க்கோரைபோலப் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும். முறுக்கு விழுந்த இடத்தில் ஒளி உடைந்து அது கோடாகத் தெரிந்துவிடும். அளவிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளையல் கடையில் சொல்லும் 2.4, 2.6, 2.8 ஆகியவை தசமக் கணக்கு அல்ல. இரண்டு அங்குலமும் அதற்கு மேல் பதினாறில் நான்கு, ஆறு, எட்டுப் பங்கும் என்று பொருள். அதாவது 2.8 என்பது சரியாக இரண்டரை அங்குல விட்டம். அதற்கு அடுத்த அளவு 2.10. நூல் சுற்றியதும் உள்விட்டம் குறைந்துவிடும் என்பதால், வழக்கமாக 2.6 அணிபவர் 2.8 வளையலை வாங்கிச் சுற்றுவதே சரி.

தோடு, ஜிமிக்கி செய்வோர் கொக்கியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மலிவான கொக்கிகளில் பெரும்பாலும் நிக்கல் கலந்திருக்கும். அது சிலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். காகிதத்திலோ துணியிலோ ஜிமிக்கி செய்தாலும், காதைத் தொடும் கம்பி மட்டும் வெள்ளியாக இருக்கட்டும்.

சிறு கருவிகளால் நேரும் சேதங்களும் உண்டு. பழைய தையலை பிளேடால் பிரிக்கும்போது இழை அறுந்து துணியும் சேர்ந்து கிழிகிறது. தையல் பிரிக்கும் முள் எந்தத் தையல் பொருள் கடையிலும் கிடைக்கும். பந்துமுனைப் பேனாவால் அளவு குறித்தால் கோடு போகாது. செய்தித்தாளில் மாதிரி வெட்டி வெளிர் நிறப் பட்டின் மேல் விரித்தால் அச்சு மை ஒட்டும். பழுப்புத் தாள் நல்லது. துணிக் கத்தரிக்கோலால் அந்தத் தாளை வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும்.

தையலுக்கு உள்ளே துணி விடாமல் வெட்டுவதைக் கடைசியாகச் சொல்கிறேன். ஏனென்றால் வளரும் குழந்தைக்குத் தைக்கும்போது இதைப்போல வருத்தம் தருவது வேறில்லை. பட்டின் வெட்டிய ஓரம் மளமளவென்று பிரியும். பக்கவாட்டில் ஓர் அங்குலமாவது விட்டு, முதலில் வெளிப்பக்கமாக ஒரு தையல் ஓட்டி, பிறகு திருப்பி உள்பக்கமாக இன்னொன்று ஓட்டினால் பிரியும் ஓரம் உள்ளே சிறைப்பட்டுவிடும். நீளத்தை மிச்சமாக வெட்டி, உள்ளே டக், அதாவது பிறகு பிரித்துவிடக்கூடிய மடிப்புத் தையல், பிடித்துவிட வேண்டும். டக்கின் மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிரித்துவிடும்போது அந்தத் தடமே அடுத்த கிழிசலுக்கு வழியாகும்.

அரக்குப் புடவையின் உள்சுற்றிலிருந்து மகளுக்கு இரண்டாவது பாவாடை வெட்டினேன். மூன்று டக்குகள் பிடித்து, நனைத்து உலர்த்திய மல் துணியில் லைனிங் வைத்தேன். மூன்றில் ஒன்றை இந்தப் பொங்கலுக்குப் பிரித்து விட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு இருக்கின்றன. மீதிப் புடவையை மடிக்காமல், துணிக்கடையில் கேட்டு வாங்கிய அட்டைக் குழாயில் சுற்றி வைத்திருக்கிறேன்.